ஒரே நாய்க்குட்டி, அக்காவுக்கு ரெண்டு ஊசி, எனக்கு ஊர் ஊரா ஊசி: வெளிநாட்டுல வைத்தியம் பார்த்த ரிவ்யூ

முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்காக மார்க்கை முதல்லயே சொல்லிடறேன். கிளம்பறதுக்கு முன்னாடி போன டிராவல் கிளினிக் 5க்கு 4. இன்சூரன்ஸ் ஹெல்ப்லைன் 2, அதுவும் பாவம் பார்த்து. ஹோட்டல்காரங்க கூட்டிட்டு வந்த டாக்டர் 0. பளபளன்னு இருந்த நெட்வொர்க் ஆஸ்பத்திரி 3. சுவர்ல பெயின்ட் உரிஞ்சு கிடந்த அரசாங்க ஆஸ்பத்திரி 5, அதுக்கு மேல குடுக்க வழி இருந்தா குடுத்திருப்பேன். பேர் எதுவும் போடல, கேக்காதீங்க.

டிராவல் கிளினிக்ல இருந்து ஆரம்பிக்கறேன். நானும் அக்காவும் மூணு வாரம், ரெண்டு நாடு. டிக்கெட் போட்ட அன்னிக்கே அக்கா கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டா, கிளம்பறதுக்கு 6 வாரம் முன்னாடி. நான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளி கடைசில 12 நாள் இருக்கறப்ப போய் நின்னேன். அந்த டாக்டரம்மா திட்டல, ஆனா காலண்டரையும் என்னையும் மாத்தி மாத்தி பார்த்தாங்க, அதுக்கு திட்டியே இருக்கலாம். சில தடுப்பூசிக்கு ரெண்டு மூணு டோஸ் இடைவெளி விட்டு போடணும், போட்டதும் உடம்புல வேலை செய்ய ஒரு ரெண்டு வாரம் ஆகும், அதனாலதான் 4லருந்து 6 வாரம் முன்னாடி வரச் சொல்றாங்களாம்.

நான் நினைச்சது என்னன்னா உள்ள போனதும் சட்டையை மடிச்சு ஊசி குத்தி பில்லை கையில குடுத்து அனுப்பிடுவாங்கன்னு. அப்படி இல்ல. முக்கால் மணி நேரம் கேள்விதான். எந்த நாடு மட்டும் இல்ல, அந்த நாட்டுல எந்த பக்கம், சிட்டியா கிராமமா, எத்தனை ராத்திரி, மலை ஏறுவீங்களா, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க, முட்டை அலர்ஜி உண்டா, சின்ன வயசுல போட்ட ஊசி கார்டு இருக்கா. கார்டு கேட்டப்ப வீட்ல எங்கயோ இருக்கும்னு சொன்னேன், அதுக்கும் ஒரு பார்வை.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. நாங்க போற ஒரு நாட்டுல இது இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. இதை எல்லா டாக்டரும் போட்டுட முடியாது, அரசாங்கம் அனுமதி குடுத்த சென்டர்லதான் போடணும், போட்டதும் ஒரு மஞ்சள் கார்டு குடுப்பாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட மாதிரில அச்சடிச்சது. அந்த கார்டு ஊசி போட்ட 10வது நாள்லருந்துதான் செல்லும். நான் 12 நாள் இருக்கறப்ப போனதால தப்பிச்சேன், இன்னும் ஒரு மூணு நாள் சோம்பேறித்தனம் பட்டிருந்தா ஏர்போர்ட்ல நின்னு அழுதிருக்கணும். ஒரு விஷயம், முன்னெல்லாம் இது 10 வருஷத்துக்கு ஒருக்க போடணும், 2016 ஜூலை 11லருந்து அந்த கார்டு ஆயுசுக்கும் செல்லும்னு மாத்திட்டாங்க, பழைய கார்டுக்கும் சேர்த்து. யாராவது மறுபடி போட்டே ஆகணும்னு உங்ககிட்ட வித்தா ஒரு வார்த்தை கேளுங்க. இது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கி செஞ்ச ஊசி, அதனால 60 வயசுக்கு மேல முதல் தடவை போடறவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, கர்ப்பமா இருக்கறவங்க எல்லாம் டாக்டர்கிட்ட உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணணும். போடக்கூடாதுன்னா அதுக்கும் ஒரு எழுத்து குடுப்பாங்க.

கார்டு எழுதறப்ப ஒண்ணு நடந்துச்சு. ரிசப்ஷன்ல இருந்த தம்பி தேதியை வெறும் நம்பரா எழுதி கொண்டு வந்தார், டாக்டரம்மா அதை அப்படியே கிழிச்சு போட்டுட்டு புது கார்டுல மாசத்தை எழுத்துல எழுதினாங்க. "நாள் முதல்ல எழுதற நாடு ஒண்ணு, மாசம் முதல்ல எழுதற நாடு ஒண்ணு, அங்க ஆபீசர் தப்பா படிச்சா நீங்கதான் மாட்டுவீங்க"ன்னாங்க. பாஸ்போர்ட்ல இருக்கற பேர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கான்னு என்னையே படிக்க வெச்சாங்க. 4 ஸ்டார்ல ஒரு ஸ்டார் இதுக்கு மட்டும்.

மலேரியாவுக்கு அட்டோவாகோன் ப்ரோகுவானில் மாத்திரை. போறதுக்கு ஒருநாள் ரெண்டுநாள் முன்னாடி ஆரம்பிச்சு, அங்க இருக்கற வரைக்கும் தினம் ஒண்ணு, அந்த இடத்தை விட்டு வந்தும் 7 நாள். டாக்ஸிசைக்ளின்னா விலை கம்மி, ஆனா வந்ததுக்கு அப்புறம் 4 வாரம் முழுங்கணும், வெயில் பட்டா சிலருக்கு தோல் வெந்துடும். நான் மறதிக்காரன்னு டாக்டரம்மாவுக்கு அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, முதல் மாத்திரையே எழுதிட்டாங்க. டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஒவ்வொண்ணு போட்டாச்சு.

கடைசியா ரேபிஸ், அதான் வெறிநாய்க்கடி நோய். முன்கூட்டியே போட்டுக்கற தடுப்பூசி, ரெண்டு டோஸ், ஒரு வாரம் இடைவெளி. எனக்கு இருந்த 12 நாள்லயே முடிச்சிருக்கலாம். விலையை பார்த்தேன், எச்சில் முழுங்கினேன், "நான் நாயைக் கண்டாலே ரோட்டை கிராஸ் பண்ற ஆளு டாக்டர், வேணாம்"னேன். அவங்க பொறுமையா, "இதை போட்டுக்கிட்டா கடிச்சப்புறம் ஊசியே வேணாம்னு இல்ல, ஆனா ரெண்டே ஊசியோட முடிஞ்சிடும், இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு மருந்தைத் தேடி அலைய வேண்டாம், வெளிநாட்டுல அது கிடைக்கறது கஷ்டம்"னு சொன்னாங்க. சொன்னாங்க, நான்தான் கேக்கல. அக்கா ஏற்கனவே ரெண்டும் போட்டு முடிச்சிருந்தா. வெளிய வந்து அவகிட்ட காசு மிச்சம்னு பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

கிளினிக்குக்கு ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, எந்த ஊசின்னு இவ்ளோ சொன்னவங்க அங்க போய் உடம்பு முடியாம போனா எங்க போறதுன்னு நானா கேக்கற வரைக்கும் வாயே திறக்கல. கேட்டதும் ரெண்டு அமைப்போட பேரைச் சொன்னாங்க. ஒண்ணு இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் டிராவல் மெடிசின், உலகம் பூரா இருக்கற டிராவல் கிளினிக் லிஸ்ட் வெச்சிருக்காங்க. இன்னொண்ணு ஐ.ஏ.எம்.ஏ.டி., 1960ல ஆரம்பிச்ச லாப நோக்கம் இல்லாத அமைப்பு, ஒவ்வொரு நாட்டுலயும் இங்கிலீஷ் பேசற டாக்டர் யாருன்னு சொல்வாங்க. சில நாட்டு தூதரகங்களும் அந்தந்த ஊர் டாக்டர் லிஸ்ட் போட்டு வெச்சிருக்கும். இதெல்லாம் போறதுக்கு முன்னாடியே போன்ல இறக்கி வெச்சுக்கோங்க, நான் வெக்கல.

ட்ரிப்ல 5வது நாள் சாயங்காலம். நாங்க தங்கின இடத்துக்கு வெளிய ஒரு நாய்க்குட்டி, ஒரு மூணு மாசம் இருக்கும், காது ரெண்டும் மடங்கி, வாலை ஆட்டிக்கிட்டு நேரா என் கால்கிட்ட வந்து உக்காந்துச்சு. ரோட்டை கிராஸ் பண்ற ஆளு என்ன பண்ணேன்னா குனிஞ்சு தூக்கினேன். விளையாட்டா என் வலது கை ஆள்காட்டி விரலை வாய்ல வெச்சது, வெச்சது ஒரு நிமிஷம் விடல. அக்கா பிடிச்சு இழுக்க வந்தப்ப அவ முன்கையில நகத்தால ஒரு கோடு. ரெண்டு பேருக்கும் ரத்தம், அதிகம் இல்ல, ஒரு ரெண்டு சொட்டு. நான் டிஷ்யூ வெச்சு அழுத்திட்டு "விடுக்கா, குட்டி நாய்தானே"ன்னேன். அக்கா என் சட்டை காலரை பிடிச்சு தரதரன்னு குழாய்கிட்ட இழுத்துட்டு போனா. "வாயை மூடிட்டு கையை நீட்டுடா." போன்ல 15 நிமிஷம் டைமர் வெச்சா. சோப்பு, ஓடற தண்ணி. 15 நிமிஷம் எவ்ளோ நேரம்னு குழாயடில நின்னு பார்த்தாதான் தெரியும், நாலாவது நிமிஷமே போதும்னு தோணும், ஆனா இது சடங்கு இல்ல, காயத்துல இருக்கற வைரஸை கழுவி விடறதே முக்கால்வாசி முதலுதவி. தண்ணி விட்டதும்தான் விரல்ல நாலு சின்ன ஓட்டை இருக்கறதே தெரிஞ்சுது.

ஹோட்டல்ல சொன்னதும் அரை மணில ஒரு டாக்டர் பெட்டியோட வந்தார். விரலை தூக்கி பார்த்தார், டெட்டனஸ் ஊசி ஒண்ணு, ஆன்டிபயாடிக் 5 நாளைக்கு, காயத்தை இறுக்கி ஒரு கட்டு. ரேபிஸ்னு நான் கேட்டதுக்கு "குட்டி ஆரோக்கியமா தெரியுது, பயப்படாதீங்க"ன்னு சிரிச்சுட்டு பில் எழுத ஆரம்பிச்சுட்டார். நாய் நல்லாத்தான் தெரியும், அறிகுறி வர்றதுக்கு சில நாள் முன்னாடியே எச்சில்ல கிருமி வந்துடும். கடிச்ச நாயை 10 நாள் கண்ணு முன்னாடி வெச்சு பார்த்து, அது நல்லா இருந்தா ஊசியை நிறுத்திக்கலாம்னு ஒரு விதி உண்டு, அது வீட்டு நாய்க்கு சரி. தெருக்குட்டி பின்னாடி வெளிநாட்டுல 10 நாள் யார் சுத்தறது, அதுவும் ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் பார்க்கணும், பார்த்துட்டு ஆரம்பிக்கறது இல்ல. மனுஷனுக்கு ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்தறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், மனுஷனுக்கு வர்ற ரேபிஸ்ல 100க்கு 99 நாய்கிட்டருந்துதான். இவ்ளோ தெரிஞ்சும் சிரிச்சார் பாருங்க, அதுக்குத்தான் 0. கட்டை பிரிச்சு விட்டது அக்காதான், இந்த மாதிரி காயத்தை இறுக்கி மூடக்கூடாதாம்.

இப்ப இன்சூரன்ஸ் ஹெல்ப்லைன். 24 மணி நேரமும் எடுப்பாங்க, அது உண்மை, மியூசிக் கேட்டுக்கிட்டே 20 நிமிஷம் போச்சு அதுவும் உண்மை. பாலிசி நம்பர், பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, அப்புறம் "நாய் உங்க சொந்த நாயா சார்?" வெளிநாட்டுக்கு டூர் வந்த இடத்துல எனக்கு எதுக்குங்க சொந்த நாய். கேஸ் நம்பர் ஒண்ணு குடுத்து 40 நிமிஷம் தள்ளிருக்கற நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்கு போகச் சொன்னாங்க. அங்க இம்யூனோகுளோபுலின் ஸ்டாக் இருக்கான்னு முதல்ல போன் பண்ணி கேட்டு சொல்லுங்கன்னு அக்கா மூணு தடவை சொன்னா. "எல்லா வசதியும் இருக்கு மேடம்"ங்கறது மட்டும்தான் பதில். அவங்களுக்கு குடுத்த 2 ஸ்டார்ல ஒண்ணு ஆஸ்பத்திரில பணம் கட்டுறதுக்கான உத்தரவாத லெட்டரை உடனே அனுப்பினதுக்கு, இன்னொண்ணு அந்த ராத்திரி ஷிப்ட் பொண்ணு குரல்ல இருந்த நிஜமான கவலைக்கு.

நெட்வொர்க் ஆஸ்பத்திரி லாபில பியானோ இருந்துச்சு. இம்யூனோகுளோபுலின் இல்ல. தடுப்பூசி இருந்துச்சு, முதல் டோஸை அப்பவே மேல் கையில போட்டாங்க, அக்காவுக்கும் போட்டாங்க. அக்கா தன் கார்டை நீட்டினா, ரெண்டு டோஸ், தேதி, பேட்ச் நம்பர் எல்லாம் இருந்துச்சு. டாக்டர் ஒரு தடவை படிச்சுட்டு "உங்களுக்கு இன்னிக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு, அவ்ளோதான்"னார். என் பக்கம் திரும்பி "உங்க கார்டு?"ன்னார். அக்கா அந்த நேரம் என்னைப் பார்க்காம சீலிங்கை பார்த்தா, அது அவ பண்ண பெரிய உதவி.

இந்த இம்யூனோகுளோபுலின்னா என்னன்னு எனக்கும் அன்னிக்குத்தான் புரிஞ்சுது. தடுப்பூசி நம்ம உடம்புக்கு சண்டை போட கத்துக்குடுக்குது, கத்துக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த இடைப்பட்ட நாளுக்கு ரெடிமேடா சண்டைக்காரங்களை காயத்துக்குள்ளயே இறக்கி விடறது இது. முன்னாடியே தடுப்பூசி போட்டவங்க உடம்புக்கு சண்டை ஏற்கனவே தெரியும், ஞாபகப்படுத்தினா போதும், அதனால அக்காவுக்கு வேணாம். எனக்கு வேணும், அதுவும் முதல் டோஸ் போட்ட 7 நாளுக்குள்ள, அதுக்கு மேல போட்டு பிரயோஜனம் இல்ல. இது மனுஷ ரத்தத்துலருந்தோ குதிரை ரத்தத்துலருந்தோ எடுக்கறது, விலையும் ஜாஸ்தி, நிறைய நாட்டுல எப்பவுமே தட்டுப்பாடு, பெரிய தனியார் ஆஸ்பத்திரில கூட இருக்காது.

அந்த பியானோ ஆஸ்பத்திரிக்கு 3 குடுத்தது முழுக்க ஒரு நர்ஸுக்காக. டிஸ்சார்ஜ் பேப்பர் குடுக்கறப்ப பின்பக்கம் பேனாவுல ஒரு ஆஸ்பத்திரி பேர், எந்த வாசல், காலைல எத்தனை மணிக்கு போகணும்னு அவங்க பாஷையிலயும் இங்கிலீஷ்லயும் எழுதி குடுத்தாங்க, டாக்ஸிக்காரர்கிட்ட காட்டறதுக்காம். நாய்க்கடி மருந்து ஸ்டாக் இருக்கறது அரசாங்க தொத்துநோய் ஆஸ்பத்திரிலதான், ஊர்க்காரங்க எல்லாரும் அங்கதான் போவாங்கன்னாங்க. ஹெல்ப்லைன்ல பாதி ராத்திரி போச்சு, ஒரு பேனாவுல அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.

மறுநாள் காலை அந்த வாசல். மரப் பெஞ்சுல வரிசையா கையில கால்ல கடி வாங்கினவங்க, பாதிப் பேர் குழந்தைங்க. டோக்கன், ரெஜிஸ்டர், எடை மெஷின். எடை எதுக்குன்னா மருந்து அளவே கிலோவுக்குத்தான், மனுஷ வகைன்னா கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகைன்னா 40. அங்க இருந்தது குதிரை வகை. நான் 72 கிலோ, அப்ப 2880 யூனிட் என்னோட உச்ச அளவு. மொத்தத்தையும் குத்திடுவாங்கன்னு பயந்தேன், வயசான டாக்டர், இங்கிலீஷ் கொஞ்சமாத்தான் பேசினார், விரலை தொட்டு காட்டி "இங்க எவ்ளோ பிடிக்குமோ அவ்ளோதான்"னு சைகை பண்ணார். தொப்புளைச் சுத்தி ஊசின்னு சின்ன வயசுல பயமுறுத்தினது எல்லாம் பழைய கதை, நிஜத்துல விரல்தான் நரகம். நாலு ஓட்டைக்குள்ளயும் மெல்லிசா ஊசியை விட்டு கொஞ்சம் கொஞ்சமா இறக்கினார், விரல்ல சதையே இல்ல, எங்க போகும் அந்த மருந்து, விரல் நுனி வெளுத்து உப்பி கொழுக்கட்டை மாதிரி ஆச்சு. நான் கத்தினேன், பக்கத்துல உக்காந்திருந்த ஆறு வயசு பையன் என்னை பார்த்து சிரிச்சான், அவன் கால்ல அதே வேலை முடிஞ்சு போய் உக்காந்திருக்கான். குதிரை வகைக்கு அலர்ஜி வரலாம்னு ஒரு மணி நேரம் உக்கார வெச்சு நாடி பார்த்துட்டுத்தான் விட்டாங்க. மூணாம் நாள் ஊசிக்கும் ரெண்டு பேரும் அங்கயே போனோம், அக்கா அன்னிக்கே முடிஞ்சு கைய தட்டிட்டு எழுந்துட்டா.

அங்க நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம், கார்டுல மருந்து பேர், பேட்ச் நம்பர், தேதி, தசையில போட்டதா தோல்ல போட்டதாங்கறது எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொல்லி கெஞ்சினது. ஏன்னா 7வது நாள் நாங்க அடுத்த நாட்டுல இருந்தோம். எல்லைல ஆபீசர் மஞ்சள் கார்டை மூணு செகண்டு பார்த்தார், மாசத்தை எழுத்துல எழுதினதை விரலால தடவி பார்த்துட்டு திருப்பி குடுத்துட்டார். அங்க மூணாவது டோஸுக்கு போன டிராவல் கிளினிக்ல முதல் கேள்வியே தசையா தோலா, எந்த கம்பெனி ஊசின்னுதான். தோல்ல ரெண்டு இடத்துல போட்டு ஒரே வாரத்துல முடிக்கற முறையும் உண்டு, தசையில போட்டா நாலாவது டோஸ் 14லருந்து 28 நாளுக்குள்ள. ஒரே கம்பெனி மருந்து கிடைக்காட்டி வேற கம்பெனி போட்டுக்கலாம், மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டாம்னாங்க. கார்டு இல்லாம வெறும் வாயால சொல்லிருந்தா என்ன ஆகிருக்கும்னு கேட்டேன், "முதல்லருந்து போடுன்னு சொன்னாலும் சொல்லிருப்போம்"னு அங்க இருந்த டாக்டர் சிரிக்காம சொன்னார். 4 ஸ்டார், வெயிட்டிங் மட்டும் ஜாஸ்தி.

நடுவுல மெடிக்கல் ஷாப் பத்தியும் ரெண்டு வரி. பிராண்ட் பேர் சொன்னா வேற நாட்டுல புரியாது, மருந்தோட ஜெனெரிக் பேரை எழுதி வெச்சுக்கோங்க, அதுலயும் பாராசிட்டமாலுக்கு சில நாட்டுல அசிட்டமினோஃபென்னு பேர். தினம் சாப்பிடற மாத்திரையை அட்டையோட, சீட்டோட, கைப்பையிலயே வைங்க. கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி சிலதுக்கு சில நாட்டுல முன் அனுமதி வேணும், முன்னாடியே பார்த்துக்கோங்க. மலேரியா மாத்திரை மட்டும் போற இடத்துல வாங்கிக்கலாம்னு விடாதீங்க, அதுல போலி நடமாட்டம் ஜாஸ்தி. திரும்பி வந்து மாசக்கணக்கா ஆனாலும் காய்ச்சல் வந்தா எங்க போயிட்டு வந்தீங்கன்னு டாக்டர் கேக்கற வரைக்கும் காத்திருக்காம நீங்களே முதல்ல சொல்லுங்க.

நாலாவது டோஸ் வீட்டுக்கு வந்து அதே டாக்டரம்மாகிட்டதான் போட்டேன். எதுவும் சொல்லல, கார்டை வாங்கி ஒவ்வொரு வரியா படிச்சாங்க, வெளுத்த விரலை பார்த்தாங்க, "முன்னாடி போட்டிருந்தா ரெண்டுதான்"ங்கறதை அக்காவே சொல்லிட்டா.

க்ளைம் பத்தி கடைசியா. நெட்வொர்க் ஆஸ்பத்திரி பில் நேரா செட்டில் ஆயிடுச்சு. அரசாங்க ஆஸ்பத்திரில நான் கட்டின கம்மி தொகைக்குத்தான் இழுத்தடிக்கறாங்க, ரசீது அவங்க பாஷையில இருக்காம், மொழிபெயர்ப்பு வேணுமாம், நோய் என்னன்னு தனியா எழுதலயாம். மொழிபெயர்ப்புக்கு கேக்கற காசு அந்த பில்லை விட ஜாஸ்தி. ஹோட்டல் டாக்டர் பில்லை மட்டும் ஒரு கேள்வி கேக்காம பாஸ் பண்ணிட்டாங்க, அழகா டைப் பண்ணி சீல் வெச்சிருந்தாராம்.